‘கை நீட்டினான்’ என்பதற்கு மலாயில் என்ன?

1

“கையை நீட்டுப்பா” என்றார் குருக்கள். தங்கவேலு நீட்டவில்லை.

என் நண்பன் ராமலிங்கத்தின் முதல் வருஷத் தெவசம் அது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆற்றை ஒட்டியிருக்கும் சின்னக் கோயிலின் பின்புறம், தகரக் கொட்டகையின் கீழ் நின்றிருந்தோம். கொட்டகையில் நான்கு இடத்தில் ஒழுகியது. நான்கில் ஒன்று சரியாக என் தோளுக்கு மேல். தங்கவேலு ராமலிங்கத்தின் ஒரே மகன். இருபத்தாறு வயது ஆள். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட அவனைத் தவிர வேறு யாரும் இல்லை.

“தம்பி, கையை நீட்டு. உனக்குத்தான் சொல்றேன்.”

அவன் வலது கையை இடது கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றான். குருக்களுக்கு எரிச்சல். அன்று அவருக்கு இன்னும் மூன்று வீடு இருந்தது. என் மனைவி விசாலாட்சி என்னைப் பார்த்தாள். நான் அவன் காதருகில் போய், “கையைக் குடு தங்கவேலு” என்றேன். நீட்டு என்று சொல்லவில்லை. உடனே கொடுத்தான்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது ஒரு சங்கதியாகவே தோன்றாது. பையனுக்குக் கூச்சம், அல்லது துக்கம் என்று நினைப்பீர்கள். குருக்களும் அப்படித்தான் நினைத்தார். காரணம் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும்.

சடங்கு முடிந்து வீட்டுக்கு நடந்தோம். என் குடையில் எட்டுக் கம்பி, இரண்டு உடைந்தது. மழை பெய்யும் பக்கமாகத்தான் அந்த இரண்டும் எப்போதும் இருக்கும். தங்கவேலு குடையில்லாமல் பக்கத்தில் நனைந்துகொண்டே வந்தான்.

“பெரியப்பா, வர்ற ஞாயித்துக்கெழம கிள்ளான்லருந்து ஒருத்தர் உங்களப் பாக்க வருவாரு.”

“யாரு?”

“நடேசன்னு பேரு. மளிகைக் கடை வெச்சிருக்காரு. அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு.” முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டான். “என்னப் பத்தி விசாரிக்க வர்றாரு. எனக்காகச் சொல்ல உங்கள விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?”

“நான் என்னடா சொல்லணும்?”

“உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க.”

எனக்குத் தெரிந்தது என்ன என்பதுதான் தொல்லை. என்னை யாரும் இப்படி ஒரு இடத்தில் மாட்டிவிடாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்துவிட்டுப் போவேன். யார் விடுகிறார்கள்?

2

ராமலிங்கமும் நானும் நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில் ஏறினோம். எனக்குப் படிப்பு இருந்ததால் ரயில்வே சாமான் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி வேலை கிடைத்தது. திருகாணி முதல் தண்டவாளக் கட்டை வரை எண்ணுவது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வியாதி என்னை விடவில்லை. எதைப் பார்த்தாலும் எண்ணுகிறேன். விசாலாட்சி தோசை சுடும்போது என்னை அடுப்படிக்குள் விடுவதில்லை.

ராமலிங்கத்துக்குப் படிப்பு இல்லை. ரயில் தடம் மாற்றிவிடும் வேலை. கக்கத்தில் பச்சைக் கொடி சுற்றிய குச்சி எப்போதும் இருக்கும். மனைவி இரண்டாவது பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். பிறகு தகப்பனும் மகனும் எங்கள் வரிசையிலேயே ஒரு ஒற்றை அறை வீட்டில் இருந்தார்கள். நான் வயதில் மூத்தவன் என்பதால் பையன் என்னைப் பெரியப்பா என்றான். நான் அவனுக்கு ஒரு முறையிலும் பெரியப்பா இல்லை. இந்த ஊரில் உறவு பிறப்பால் வருவது குறைவு. கூப்பிட்டுக் கூப்பிட்டு உண்டாக்கிக்கொள்வதுதான் அதிகம்.

மகன் கொடி பிடிக்கக் கூடாது, பேனா பிடிக்க வேண்டும் என்பது ராமலிங்கத்தின் வெறி. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். ஒரு எழுத்து தப்பினால் அந்தக் கொடிக் குச்சியால் அடி. என்ன தப்பு என்று பார்க்க அவனுக்குத் தெரியாது. சிவப்பு மையில் குறி இருந்தால் அடி, அவ்வளவுதான். குறிக்கு ஒன்று. எங்கள் வீட்டுக்குச் சத்தம் கேட்கும். நானும் எண்ணியிருக்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் வரிசையில் அது எல்லா வீட்டிலும் கேட்கிற சத்தம். வண்டிச் சத்தம் மாதிரி.

பையன் தேறினான். ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி ஆபீசில் எழுத்தர் வேலை கிடைத்தது. ராமலிங்கம் வீடு வீடாகப் பழம் கொண்டு வந்து கொடுத்தான்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிய காலம். ஊரில் பலர் அந்தக் கப்பல்களில் வந்து இறங்கியவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆபீஸ்களிலும் ஆளைக் குறைத்தார்கள். தங்கவேலுவுக்கு வேலை போயிற்று. காலர் வைத்த சட்டையோடு அந்த ஒற்றை அறையில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் கள்ளுக்கடைப் பக்கம் போக ஆரம்பித்தான்.

ராமலிங்கத்தின் வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பாதிக் கதை. ஒரு நாள் மத்தியானம் அவன் மகனிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

“என்னங்க துரை, கொடி பிடிச்சவன் சோறு தொண்டையில இறங்குதுங்களா? இல்ல, முள்ளுக்கரண்டி வேணுமா?”

மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். நான் ராமலிங்கத்தைக் கண்டித்தேன். “வெளையாட்டுக்குச் சொன்னேண்ணே” என்றான். மறுநாளும் அதே விளையாட்டுதான்.

3

ஒரு காலையில் ராமலிங்கம் துண்டைத் தாடையோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு வந்தான். பல்வலி என்றான். விசாலாட்சி கிராம்பு எடுக்க உள்ளே போனாள். அவன் வாயைத் திறந்தபோது என் கண் என்னையறியாமல் எண்ணிவிட்டது. மேல் வரிசையில் முன்பக்கம் இரண்டு இல்லை. வலிக்கிற பல் வீங்கியிருக்கும், காணாமல் போயிருக்காது.

“எங்கடா விழுந்தே?”

“குழாயடியில வழுக்கிடுச்சுண்ணே.”

அதற்கு முந்தைய மாதம் முழங்கையில் காயம், அப்போதும் குழாயடிதான். அந்தக் குழாயடியில் நாங்கள் முப்பது குடும்பம் தண்ணீர் பிடிக்கிறோம். வேறு யாரும் விழவில்லை.

விசாலாட்சி கிராம்பைக் கொடுத்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் கேட்டாள். “தங்கவேலு அடிச்சானா?”

ராமலிங்கம் கிராம்பை மென்றான். “சின்னப்பய. வேலை இல்லாத கோபம். என் மேல கை நீட்டிட்டான்” என்றான்.

இந்த விஷயத்தைப் பற்றி யோசித்து யோசித்து, நம் பேச்சில் இதற்கு எத்தனை சொல் என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். அடித்தான், அறைந்தான், குத்தினான், உதைத்தான், மொத்தினான், விளாசினான், வெளுத்தான், தோலை உரித்தான் என்று போய்க்கொண்டே இருந்தது. இருபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். பூசை கொடுத்தான் என்கிறோம். சாத்துப்படி நடந்தது என்கிறோம். சாமிக்குச் செய்கிற காரியங்களின் பெயரைக்கூட இதற்கு எடுத்துக்கொண்டுவிட்டோம். ஆனால் சொந்த வீட்டில், தன் உடம்பில் பட்டதைச் சொல்லும்போது இத்தனை சொல்லில் ஒன்றும் வாயில் வருவதில்லை. ‘கை நீட்டிட்டான்’ என்பதோடு நின்றுவிடுகிறது. கை நீண்டதாம். நீண்ட கை எங்கே போய் இறங்கியது என்று சொல்வதில்லை.

சிரம்பானில் ஆசிரியராக இருக்கும் என் மகனிடம் இதைச் சொன்னேன். “தமிழ்ல ஏம்பா இப்படிச் சுத்தி வளைக்கிறோம்? அசால்ட்னு சொன்னா முடிஞ்சது” என்றான். அவனுக்கு எல்லாம் ஒரு ஆங்கிலச் சொல்லில் முடிந்துவிடும். அவன் பிள்ளைகளுக்கு ‘கை நீட்டினான்’ என்றால் என்னவென்றே புரியாது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊரில் என் பக்கத்து வீட்டில் இரண்டு சகோதரர்கள் கிணற்றுத் தகராறில் அடித்துக்கொண்டார்கள். அண்ணன் கை முறிந்தது. தாய்மாமன் வந்தார். இரண்டு பேரையும் உட்கார வைத்தார். கிணற்றில் முறை பிரித்தார். ஊர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தது என்று சொல்ல வரவில்லை. அதே தெருவில் ஒரு மருமகள் வருஷக்கணக்காக அடி வாங்கினாள். அவளுக்கு எந்த மாமனும் வரவில்லை. ஆனால் வந்து உட்காருவதற்கு ஒரு ஆள் என்று அங்கே ஒரு இடமாவது இருந்தது. இங்கே தங்கவேலுவின் தாய்மாமன் யார், எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நான் போலீசுக்குப் போகலாம் என்றேன்.

“வேணாம்ணே” என்றான் ராமலிங்கம்.

“அவனைக் கூப்பிட்டு மிரட்டட்டும். அவ்வளவுதான்.”

விசாலாட்சி, “அடுத்த தடவ பல்லோட நிக்காது” என்றாள். அதற்குப் பிறகுதான் அவன் எழுந்தான்.

4

எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை. அங்கிருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மலாய்க் கார்ப்பரல் ஒருவர் மேசையில் இருந்தார். வயதானவர், சாந்தமான முகம். தமிழ் ஆட்களுக்கு மொழிபெயர்க்க அங்கேயே எழுத்தராக இருந்த மாணிக்கத்தைக் கூப்பிட்டார். மாணிக்கம் மலாக்காவில் பிறந்தவர், நாற்பது வயது இருக்கும். பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, வீட்டில் பேசுவது தலைமுறை தலைமுறையாக மலாய். தமிழ் அவர் பிறகு கற்றுக்கொண்டது. ஒவ்வொரு சொல்லையும் கவனமாக, கண்ணாடிச் சாமானை எடுத்து வைப்பது போலப் பேசுவார். தங்கவேலுவையும் அழைத்துவர ஆள் போய், அவனும் வந்து சுவரோரம் நின்றான்.

“ஐயா, என்ன நடந்தது? சொல்லுங்கள்” என்றார் மாணிக்கம்.

ராமலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “என் மகன் என் மேல கை நீட்டிட்டான்.”

மாணிக்கம் ஒரு கணம் யோசித்தார். கை என்றால் ‘தாங்ஙான்’. நீட்டுவது என்றால் ‘ஹுலோர்’. சொல்லுக்குச் சொல் சரியாகக் கார்ப்பரலிடம் எடுத்துவைத்தார். மகன் தகப்பனுக்கு ஹுலோர் தாங்ஙான் செய்தான்.

கார்ப்பரலின் முகம் மலர்ந்துவிட்டது. ஏன் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். மலாய்க்காரர் வீடுகளில் நோன்புப் பெருநாள் காலையில் பிள்ளைகள் தாய் தகப்பன் முன்னால் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டுவார்கள். வருஷம் முழுவதும் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்பது அப்படித்தான். பெரியவர்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டால் மன்னித்தாயிற்று என்று அர்த்தம். கார்ப்பரலின் காதில் விழுந்தது அதுதான். இந்த மகன் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டான்.

“பாகுஸ்லா!” என்றார். நல்லதுதானே என்று அர்த்தம். தங்கவேலுவைப் பார்த்துத் தலையை ஆட்டிப் பாராட்டினார். பிறகு மாணிக்கத்திடம் ஏதோ கேட்டார்.

மாணிக்கம் ராமலிங்கத்தின் பக்கம் திரும்பினார். “நீங்கள் அந்தக் கையைப் பிடித்தீர்களா என்று கேட்கிறார்.”

“புடிச்சேங்க” என்றான் ராமலிங்கம். பிடித்ததும் உண்மைதான். இரண்டாவது அடி விழுவதற்கு முன் பிடித்துத் தடுக்கப் பார்த்திருக்கிறான்.

பிடித்தார் என்று மாணிக்கம் சொல்ல, கார்ப்பரல் பேனாவையே கீழே வைத்துவிட்டார். அப்புறம் என்ன, வீட்டுக்குப் போங்கள் என்று கையைக் காட்டினார்.

நான் எழுந்தேன். என் முழங்கால் எழும்போது எப்போதும் சத்தம் போடும், அன்றும் போட்டது. “துவான், தப்பாகச் சொல்லிவிட்டார். ஹுலோர் இல்லை. பூக்குல்” என்றேன் மலாயில். துவான் என்றால் ஐயா. பூக்குல் என்றால் அடிப்பது. நடுவில் ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாத சொல். “மகன் தகப்பனை அடித்தான். இரண்டு பல் போயிருக்கிறது.”

மாணிக்கத்தின் முகம் வெளுத்தது. “அப்படியா ஐயா? நீட்டுவது என்றால் அடிப்பதா?” என்று என்னிடம் கேட்டார். பாவம், நிஜமாகவே கேட்டார்.

கார்ப்பரல் ராமலிங்கத்தை நேராகப் பார்த்து, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், கடைத்தெரு மலாயில் மெதுவாகக் கேட்டார். எது? ஹுலோரா, பூக்குலா?

முப்பது வருஷம் தண்டவாளத்தில் மலாய்க்காரர்களோடு வேலை பார்த்தவன் ராமலிங்கம். இரண்டு சொல்லும் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சுவரோரம் நின்ற மகனைப் பார்த்தான். பிறகு கட்டியிருந்த துண்டுக்கு மேலாக வாயைப் பொத்திக்கொண்டு சொன்னான்.

“ஹுலோர், துவான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கார்ப்பரல் என்னிடம் கோபிக்கவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, காது சரியில்லை என்று நினைத்திருப்பார். ஒரு மலாய்க்காரத் தகப்பன் செய்வதைப் போல, தங்கவேலுவின் இரண்டு கையையும் எடுத்து ராமலிங்கத்தின் கையில் வைத்து அழுத்தினார். அவர் கண்ணில் ஈரம் இருந்தது. தங்கவேலு விறைத்துப்போய் நின்றான். அவன் முகத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

5

வெளியே வந்ததும் ராமலிங்கத்தைத் திட்டித் தீர்த்தேன். என்னைப் பொய்யனாக்கிவிட்டாய் என்றேன். அவன் எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னான்.

“உள்ள வெப்பாங்க. இல்லேன்னா கப்பல்ல ஏத்திடுவாங்க. இப்பத்தான் ஆள ஆளாப் புடிச்சு ஏத்துறாங்களே. அப்புறம் நான் யாரப் பாத்துக்கிட்டு இருக்கிறது?”

“நாளைக்குக் கொன்னு போட்டான்னா?”

“அண்ணே, நான் அவன எத்தன அடி அடிச்சிருப்பேன்? ஒரு ஸ்டேஷன்லயும் யாரும் எழுதல.”

“அதனால இது சரியாப் போச்சா?”

“சரின்னு சொல்லல. எங்கருந்து வருதுன்னு தெரியுதுன்னு சொல்றேன்.”

இந்த ஒரு பேச்சை நான் பல தடவை மனசில் புரட்டியிருக்கிறேன். அவன் சொன்னது உண்மை. குச்சியிலிருந்து வந்தது, வேலை போனதிலிருந்து வந்தது, முள்ளுக்கரண்டிப் பேச்சிலிருந்து வந்தது, கள்ளிலிருந்தும் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் நிறுத்திவிடலாம் என்று படித்தவர்கள் நினைக்கிறோம். ராமலிங்கத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அடுத்த வாரமே விலாவைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார்ந்தான்.

அன்று விசாலாட்சி அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏன் அடித்தான், நீ என்ன சொன்னாய், ஒன்றும் இல்லை. “பாயும் தலகாணியும் எடுத்துட்டு வாங்க. இனிமே இங்கதான்” என்றாள். என்னிடம், “ரெண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழ விடக்கூடாது. நியாயம் யார் பக்கம்னு அப்புறம் பேசிக்கலாம்” என்றாள். நான் ஸ்டேஷன், சட்டம், மொழிபெயர்ப்பு என்று அலைந்ததற்கு இது எவ்வளவோ உபயோகமாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, நான் கேட்கவே இல்லையாம்.

தங்கவேலுவிடம் நான் பேசப் போனேன். அவன் குடிக்காத நேரமாகப் பார்த்துக் காலையில் போனேன்.

“அவர் வாய நீங்க கேட்டதில்ல பெரியப்பா.”

“கேட்டிருக்கேன்.”

“அப்ப ஏன் அன்னிக்கு எனக்கு எதிராப் பூக்குல்னு சொன்னீங்க?”

“அடிச்சதால.”

வாய்க்கு வாய் பதில் உண்டு. மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளலாம், எழுந்து போகலாம், திருப்பித் திட்டவும் செய்யலாம். கைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. இதைத்தான் அவனிடம் சொன்னேன். அவன் கேட்டானா என்று தெரியாது. சில மாதம் கழித்துக் கிள்ளான் பக்கம் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை கிடைத்துப் போய்விட்டான். அங்கே ஒரு அறையில் தனியாக இருந்தான். எப்போதாவது அப்பாவைப் பார்க்க வருவான். அந்த நேரத்தில் விசாலாட்சி அதே அறையில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். கீரை இல்லாத நாளில் அரிசியில் கல் பொறுக்குவாள். அவர்கள் இருவரையும் ஒரு தடவையும் தனியாக விடவில்லை.

மழைக்காலத்தில் ராமலிங்கத்துக்கு நெஞ்சில் சளி கட்டி ஜுரம் வந்தது. எங்கள் வீட்டில்தான் உயிர் போயிற்று. மகன் வந்து சேர்ந்தபோது பேச்சு நின்றுவிட்டிருந்தது. அடித்ததைப் பற்றி அவர்கள் இருவரும் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசியதாக எனக்குத் தெரியாது.

6

இப்போது என் பாட்டைப் பாருங்கள். தெவசத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் எனக்கு இதே கணக்குதான்.

சொன்னால் பையனுக்குக் கல்யாணம் இல்லை. இந்த வட்டாரத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு ஒன்று தெரியாமல் இருப்பதில்லை. கிள்ளானில் சொன்னது இங்கே மறுநாளே வந்துவிடும். அது போக, அப்பன்காரன் பல்லில்லாத வாயைப் பொத்திக்கொண்டு காப்பாற்றிய பிள்ளை. செத்தவன் மறைத்ததை உடைக்க நான் யார்? சொல்லாவிட்டாலோ, முகம் தெரியாத ஒரு பெண் இருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு குழாயடி இருக்கும்.

“நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன்” என்றாள் விசாலாட்சி.

சனிக்கிழமை தங்கவேலு வந்தான். அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். “நாளைக்கு அவரு கேட்டாலும் கேக்காட்டியும் நான் சொல்லிடுவேன்டா. வரவேணாம்னு ஆள் அனுப்பணும்னா இப்பவே அனுப்பிடு.” “வரட்டும் பெரியப்பா” என்றான்.

நடேசன் காலை வண்டியில் வந்தார். பருத்த மனிதர், நல்ல சிரிப்பு. ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வந்தார். பதினொன்று இருந்தது, ஒன்றை வழியில் சாப்பிட்டிருக்க வேண்டும். தங்கவேலு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். விசாலாட்சி கதவோரம் நின்றாள்.

நடேசன் கேட்டார். குடி உண்டா என்றார். இருந்தது, இப்போது நான் பார்த்தவரை இல்லை என்றேன். வேலை நிலைக்குமா என்றார். உடம்பில் வியாதி உண்டா, கோயிலுக்குப் போவானா, ஊரில் என்ன ஊர், வேறு ஏதாவது பெண் தொடர்பு உண்டா. ஆறு கேள்வி. ஏழாவதாக, அடிக்கிறவனா என்ற கேள்வி வரும் என்று காத்திருந்தேன். பெண்ணைக் கொடுக்க வருகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. வரவில்லை. காபியைக் கையில் எடுத்துவிட்டார்.

“பெரியவங்க நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுங்க. தேதி பாத்துடலாம்.”

“ஒரு வார்த்த இருக்கு” என்றேன். “இவன் இவங்கப்பாவ அடிச்சான்.”

நடேசன் காபியை இறக்கிவிட்டுச் சிரித்தார். “அடடா, இவ்வளவுதானா? சூதாட்டம் கீதாட்டம்னு சொல்லப்போறீங்களோன்னு பயந்தே போயிட்டேன்லா. அப்பன் புள்ளன்னா ஒரு நாளு கை மீறத்தான் செய்யும். என் தம்பி எங்கப்பாரோட மல்லுக்கட்டாத நாளே கெடையாது. இப்ப பாருங்க, தங்கக் கம்பி. ஒரு கால்கட்டப் போட்டா எல்லாம் சரியாயிடும்.”

நடுவில் மொழிபெயர்க்க ஒரு ஆளும் இல்லை. நான் தமிழில் சொன்னேன், அவர் தமிழில் கேட்டார். சுற்றி வளைக்காத சொல்லாகத்தான் எடுத்துச் சொன்னேன். அப்படியும் பூக்குல் அவர் காதுக்குப் போவதற்குள் ஹுலோர் ஆகிவிட்டது.

“மாமா” என்றான் தங்கவேலு.

எல்லோரும் திரும்பினோம்.

“பெரியப்பா சொன்னது ஒரு நாளு இல்லீங்க. பல தடவ. முழங்கையில காயம். அப்புறம் ரெண்டு பல்லு. போலீஸ்ல அப்பா எனக்காகப் பொய் சொன்னாரு. அதுக்கப்புறமும் அடிச்சேன். விலாவுல.”

நடேசனின் சிரிப்பு பாதியில் நின்றது. “அதான் திருந்திட்டியே தம்பி. இப்ப கிள்ளான்ல எவ்வளவு நல்ல பேரு உனக்கு.”

“கிள்ளான்ல என்கூட யாரும் இல்லீங்க. அடிக்கிறதுக்கு ஆள் இல்ல. அதனால அடிக்கல. திருந்திட்டேனான்னு எனக்கே தெரியாது.”

காபி ஆறிக்கொண்டிருந்தது. விசாலாட்சி கதவோரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நடேசன் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு யாரோ நினைவுக்கு வந்திருக்கலாம். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் வாசல்வரை போனேன்.

“ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனக்காதீங்க. உங்க வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருந்தா இவனுக்குக் குடுப்பீங்களா?”

“மாட்டேன்” என்றேன். உள்ளே கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

“அப்புறம் எதுக்கு வீட்டுக்குள்ள சேக்குறீங்க?”

“அது வேற, இது வேறங்க.”

அவருக்கு அது பிடிபடவில்லை. எனக்கும் அதற்குமேல் விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. போய்விட்டார்.

சாயங்கால வண்டிக்குத் தங்கவேலு கிளம்பினான். நானும் கூடவே ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தேன். என் முழங்காலுக்கு அது ஆகாது என்று விசாலாட்சி சொல்லவில்லை. வண்டி வந்து நின்ற பிறகு சொன்னான்.

“நீங்க சொல்லாம இருந்திருந்தா நானும் சும்மா இருந்திருப்பேன் பெரியப்பா.”

“தெரியும்டா.”

“கட்டியிருப்பேன்.”

“தெரியும்.”

அவன் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அங்கே உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். நான் அவனைத் தேற்றவில்லை. வண்டி கிளம்பும்வரை அந்த ஜன்னலை விட்டு நகரவும் இல்லை.